மூத்தது மோழையா, இளையது காளையா?



‘மூத்தது மோழை, இளையது காளை’ என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். பிள்ளைகள் விஷயத்தில் அது எவ்வளவு தூரம் உண்மை என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். ஆனால், திரைப்படங்களில் அது பெரும்பாலும் தலைகீழாக நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு படம் நன்றாக ஓடினால் உடனே அதற்கு இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். ஆவலோடு போய் உட்காருகிறோம். ‘முதல் படம் போல வருமா?’ என்று சொல்லிக்கொண்டே எழுந்து வருகிறோம்.

வீடியோ விளையாட்டுகளிலும் இதே கதைதான். ஒன்று புகழ் பெற்றால் அதன் தம்பி, தங்கை, பேரப்பிள்ளை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அவற்றுள் மூத்ததற்குச் சமமாக, சிலர் கருத்தில் அதைவிடச் சிறப்பாகவே பெயர் வாங்கிய இளையது ஒன்று உண்டு. மூத்ததன் பெயர் பேக்மேன். இளையதன் பெயர் மிஸ் பேக்மேன்.

‘வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா, பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி எழுத வந்துவிட்டாரே!’ என்று பெற்றோர்கள் முகம் சுளிக்க வேண்டாம். வகுப்பறையில் நான் தினமும் சந்திக்கும் ஒரு கேள்வி இந்த இரண்டு விளையாட்டுகளுக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. அதற்காகவே எழுதுகிறேன்.

பசித்த வட்டம்

பேக்மேன் 1980-ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்தது. நாம்கோ என்ற நிறுவனத்தில் வேலை செய்த தோரு இவாத்தானி என்ற இளைஞர் அதை உருவாக்கினார். அந்தக் காலத்து விளையாட்டு யந்திரங்களில் பெரும்பாலானவை சுட்டுத் தள்ளும் விளையாட்டுகள். அந்தக் கடைகளில் ஆண்கள் கூட்டமே நிறைந்திருக்கும். பெண்களும் குடும்பத்தோடு வருபவர்களும் விரும்பி விளையாடும்படி ஒன்று செய்ய வேண்டும் என்று இவாத்தானி நினைத்தார். சுடுவதை விட்டார், சாப்பிடுவதைப் பிடித்துக்கொண்டார்.

விளையாட்டு மிகவும் எளிது. திரையில் சந்து சந்தாக ஒரு பாதை. அதில் 240 சிறு புள்ளிகள், மூலைகளை ஒட்டி 4 பெரிய புள்ளிகள். வாய் பிளந்த மஞ்சள் வட்டம் ஒன்று எல்லாவற்றையும் தின்று முடிக்க வேண்டும். நான்கு பேய்கள் அதைத் துரத்தும். பெரிய புள்ளி ஒன்றைத் தின்றுவிட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பேய்கள் நீல நிறமாகிப் பயந்து ஓடும். அப்போது வட்டமே அவற்றைத் துரத்தித் தின்னலாம். அவ்வளவுதான். படிக்கத் தெரியாதவர்கூட ஒரே நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

அழகு அந்தப் பேய்களில் இருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி துரத்தினால் வரிசையாகப் பின்னால் வந்து சலிப்புத் தட்டிவிடும். ஆகவே இவாத்தானி நான்குக்கும் நான்கு குணங்களைக் கொடுத்தார். சிவப்புப் பேய் விடாமல் பின்தொடரும். இளஞ்சிவப்பு, நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறி வைத்து வழி மறிக்கும். நீலம், சிவப்பு நிற்கும் இடத்தையும் நாம் நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரும். ஆரஞ்சுப் பேய் தூரத்தில் இருக்கும்போது துரத்தும். எட்டுக் கட்டம் அளவுக்கு நெருங்கிவிட்டால் தன் மூலைக்குத் திரும்பிவிடும். நம் தோட்டத்து வீடுகளில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் நான்கு பேர் நான்கு விதமாக இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால், இந்தப் பேய்களிடம் ஓர் இரகசியம் உண்டு. அவை தம் குணத்தை விட்டு ஒருபோதும் மாறமாட்டா. இன்று நீங்கள் எந்தத் திருப்பத்தில் எந்த நொடியில் திரும்பினீர்களோ அதேபோல் நாளையும் திரும்பினால், பேய்களும் நேற்று வந்த வழியே வரும். இதைக் கண்டுகொண்டவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாதையை மனப்பாடம் செய்தார்கள். அமெரிக்காவில் அந்தப் பாதைகளைப் படம் போட்டுப் புத்தகங்களாகவே விற்றார்கள். பாதை தெரிந்தவருக்குப் பேய் ஒரு பொருட்டே அல்ல. 256-ஆம் சுற்றில் யந்திரத்தின் கணக்கே குழம்பித் திரையின் வலது பாதி எழுத்துக்குப்பையாகிவிடும். அதுவரை மனப்பாடத்திலேயே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

இரண்டு வாரிசுகள்

முதல் ஆட்டம் உலகமெங்கும் சக்கைப்போடு போட்டது. அடுத்தது என்ன என்ற கேள்வி எழுந்தது. 1982-ஆம் ஆண்டில் இரண்டு பதில்கள் வந்தன.

ஒன்றைப் பெற்ற தாயான நாம்கோவே கொடுத்தது. பெயர் சூப்பர் பேக்மேன். அதில் புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். சாவியைத் தின்றால் கதவு திறக்கும்; கதவுக்குள் இருக்கும் பழங்களைத் தின்ன வேண்டும்; பேக்மேன் சில நேரம் பூதம் போல் பெருத்தும் விடுவான். புதுமைக்குக் குறைவே இல்லை. ஆனால், மூத்ததற்குக் கிடைத்த அன்பு அதற்குக் கிடைக்கவில்லை.

மற்றொன்று அமெரிக்காவில் பிறந்தது. அங்கே எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் ஜெனரல் கம்ப்யூட்டர் என்று ஒரு சிறு நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். கடைகளில் பழகிச் சலித்துப்போன யந்திரங்களுக்குள் பொருத்த ஒரு கூடுதல் பலகை செய்து விற்பதே அவர்கள் தொழில். பலகையை மாட்டினால் பழைய ஆட்டம் புதிதாகிவிடும். இப்படி அவர்கள் வேறோர் ஆட்டத்தில் கை வைத்தபோது, 1981-ல் அதன் சொந்தக்காரரான அட்டாரி நிறுவனம் வழக்குப் போட்டது. வழக்கு சமாதானத்தில் முடிந்தது. பிறகு அவர்கள் பேக்மேனுக்குச் செய்து வைத்திருந்த பலகையை, அமெரிக்காவில் பேக்மேனை விற்கும் உரிமை பெற்றிருந்த மிட்வே நிறுவனத்திடம் நேரே கொண்டுபோய்க் காட்டினார்கள். அப்போது அதன் பெயர் கிரேஸி ஆட்டோ. அந்த வட்டத்துக்குக் கால்கள் கூட முளைத்திருந்தன! மிட்வே அதை வாங்கிக்கொண்டது. கால்கள் போயின, தலையில் சிவப்பு ரிப்பன் வந்தது. மிஸ் பேக்மேன் பிறந்தாள்.

அந்த இளைஞர்கள் எதை மாற்றினார்கள் என்று கவனியுங்கள். ஒரே பாதைக்குப் பதில் நான்கு பாதைகள் வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் பழம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். இங்கே அது சந்துக்குள் துள்ளித் துள்ளி உலா வந்தது. முக்கியமான மாற்றம் ஒன்று: சுற்றின் தொடக்கத்தில் சில பேய்கள் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாதபடி செய்தார்கள். அந்த ஒரே மாற்றத்தில் பாதைப் புத்தகங்கள் எல்லாம் வெறும் காகிதமாகிவிட்டன.

எதை மாற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். புள்ளிகள் அப்படியே இருந்தன. பெரிய புள்ளிகள் நான்கும் இருந்தன. பேய்கள் நான்கும் இருந்தன. துரத்தும் பேயைத் திரும்பித் துரத்தும் அந்த மகிழ்ச்சியும் இருந்தது. சலித்த இடம் எது, இனித்த இடம் எது என்று பிரித்துப் பார்த்து, சலித்ததை மட்டும் தொட்டார்கள். பழையதை முழுக்கப் படித்தவர்களுக்குத்தான் அந்தக் கண் இருக்கும். பெற்ற வீட்டில் பிறந்த வாரிசைவிட வெளியே பிறந்த வாரிசு தாயின் சாயலோடு இருந்தது! இலட்சத்துக்கும் மேற்பட்ட யந்திரங்கள் விற்றன.

அக்கா கட்சியும் என் கட்சியும்

என் அக்கா இந்தத் தீர்ப்பை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில் மைக்ரோ ஜீனியஸ் பெட்டி இருந்தது. தொலைக்காட்சியில் மாட்டி விளையாடுவோம். அப்போது அக்காவுக்குப் பதினெட்டு வயது. அம்மாவோடு பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். வேலை முடிந்து, குளித்து, சமையலுக்கு உதவிவிட்டு அரை மணி நேரம் வந்து உட்காருவார். பேக்மேனில் எங்கள் லயத்தில் அவரை வெல்ல ஆள் கிடையாது. பையன்கள் பேயைப் பார்த்துப் பதறி ஓடுவோம். அக்கா பேயைப் பார்க்கவே மாட்டார். தமக்குத் தெரிந்த பாதையில் நிதானமாகப் போவார். பேய்கள் அவருக்கு வழிவிடுவதுபோலத் தோன்றும்.

பல ஆண்டுகள் கழித்து, பட்டணத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனபோது, மருமகனின் பிளேஸ்டேஷன் பெட்டியில் மிஸ் பேக்மேன் கிடைத்தது. அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பழைய பாதையிலேயே போகப் பார்த்தார். முதல் சுற்றிலேயே மூன்று உயிரும் போயிற்று. கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“போடா தம்பி. இதுல என்னா இருக்கு? வேலக்காட்டுல தெனம் ஒரு வம்பு. மழ வந்தா வேல இல்ல, வேல இல்லேன்னா சம்பளம் இல்ல. நாளைக்கு என்னா நடக்கும்னு தெரியாமலே வாழ்ந்தாச்சு. அந்த அர மணி நேரமாச்சும் பேய் எந்தப் பக்கம் வரும்னு தெரிஞ்சு வெளையாடுனேன். அதையும் புடுங்கிட்டாங்களா?”

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் விளையாட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். அக்கா தம் வாழ்க்கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். முதலாவதை மக்கள் ஏன் விடாமல் நேசிக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது. மனப்பாடமான ஒன்று நமக்கு ஒரு வீடு போல. இருட்டிலும் தடுமாறாமல் நடக்கலாம்.

ஆனாலும் ஆசிரியன் என்ற முறையில் என் கட்சியையும் நான் விட்டுவிடவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு மாணவி. வாய்ப்பாட்டைப் பதினாறு வரை தலைகீழாக ஒப்பிப்பாள். ‘ஏழு எட்டு எவ்வளவு?’ என்றால் கண் இமைக்கும் முன் ‘ஐம்பத்தாறு’ என்பாள். ஒரு நாள், ‘ஒரு பெட்டிக்கு எட்டு மாங்காய். ஐம்பத்தாறு மாங்காய்க்கு எத்தனை பெட்டி வேண்டும்?’ என்ற கணக்கைக் கொடுத்தார்கள். பென்சிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். விடை அவளிடம் இருந்தது. அதற்குப் போகும் வழிதான் தெரியவில்லை. பாதைப் புத்தகத்தைப் படித்தவள் புதிய பாதையில் நின்றுவிட்டாள்.

யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் பழைய ஆண்டுகளின் கேள்வித்தாள்களை வாங்கிப் பிள்ளைகளை உருப்போட வைத்த பெற்றோர்கள் எத்தனையோ பேர். 2021-ல் அரசு அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. ‘இனி எதைப் படிக்க வைப்பது?’ என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். பேய் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் போனதே என்ற அதே தவிப்புதான்! இரவு பகலாக உழைத்து, தம் பிள்ளையாவது மேலே வரட்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு அந்தத் தவிப்பு வருவது நியாயமே.

அவர்களுக்கு நான் சொல்வது, என் அம்மாவிடம் கற்றதுதான். அம்மாவுக்குத் தம் நிரையில் உள்ள மரங்கள் அத்தனையும் மனப்பாடம். விடியுமுன் நெற்றி விளக்கோடு போனாலும் எந்த மரத்துக்குப் பின் எந்த மரம், எங்கே பள்ளம், எங்கே மரவேர் என்று கால்களே சொல்லும். ஆனால், மரத்தில் உளியை வைக்கும்போது மட்டும் மனப்பாடத்தை நம்பமாட்டார். பட்டையைப் பார்ப்பார், ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார், உளி ஆழம் போகாமல் பார்த்துப் பார்த்து இழுப்பார். கால் மனப்பாடத்தில் நடந்தது. கண் அன்றைய மரத்தைப் பார்த்தது. அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

ஆகவே, மூத்ததா இளையதா என்று என்னைக் கேட்டால், வரிசையை மாற்றாதீர்கள் என்பேன். முதல் ஆட்டத்தை முதலில் ஆட வேண்டும். அது கைக்குப் பாதையைப் பழக்குகிறது. இளையதைப் பிறகு ஆட வேண்டும். அது கண்ணைத் திறக்கிறது. முதலாவதை ஆடாமல் இரண்டாவதற்கு வருபவன் திக்குத் தெரியாமல் திணறுவான். முதலாவதோடு நின்றுவிடுபவன், பாதை மாறிய அன்றைக்கு மூன்று உயிரையும் இழப்பான்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வாய்ப்பாட்டை ஒப்பித்தால் மகிழுங்கள், தடுக்காதீர்கள். ஒப்பித்து முடித்ததும், கடையில் வாங்கி வந்த சாமானையோ கையில் இருக்கும் சில்லறையையோ காட்டி, அதே கணக்கை வேறு விதமாக ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். விடை உடனே வரவில்லையென்றால் திட்டாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். உங்கள் பிள்ளை அந்த நேரத்தில்தான் பாதையை விட்டுக் கண்ணைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கியிருக்கும்.