ஓதிக்கொடுத்த குரல்

ஓதப்பள்ளியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுபுஹு தொழுகை முடிந்து, வெளிச்சம் சரியாகப் பரவுமுன் எழும் அந்த இரைச்சல். ஒருவன் அலிஃபு ஜபர் அ, அலிஃபு ஜேர் இ என்று கூட்டிக்கொண்டிருப்பான். பக்கத்தில் ஒருத்தி அம்ம ஜுஸ்வில் பாதி வந்திருப்பாள். மூலையில் ஒருவன் யாசீனை மனப்பாடம் செய்வான். எல்லாரும் ஒரே நேரத்தில், உரக்க, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு. கீழக்கரையில் எங்களுக்கு அப்படித்தான் பொழுது விடிந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் தெரு ஊமையாய்க் கிடக்கும்.

இப்போது இருப்பு ஷார்ஜாவில். குளிரூட்டிய அறையில் பேரன் திரையைப் பார்த்து ஓதுகிறான். பிசகினால் எழுத்து சிவக்கிறது, சரியாக ஓதினால் நட்சத்திரம் விழுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களைவிட அவன் தஜ்வீது சுத்தம். ஆனாலும் மனம் அடங்கவில்லை.

எங்கள் ஆலிம்சா கண்ணை மூடித் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருப்பார். உறங்கிவிட்டார் என்று நாங்கள் நினைக்கிற நேரமாகப் பார்த்து, அத்தனை குரலுக்கும் நடுவில் யாரோ விட்டுவிட்ட ஒரு நீட்டலைப் பிடித்து, "வாப்பா, அங்கே நில்லு. இன்னொருக்கா ஓது" என்பார். அதட்டல் கிடையாது. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார்.

எழுத்தெல்லாம் பிறகுதான். முதலில் ஒளு. கித்தாபை நெஞ்சோடு அணைத்து வரவேண்டும், ரிஹாலைத் தாண்டக்கூடாது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் தன் சபக்குக்கு வந்து உட்காரலாம். மையால் எழுதிய பலகையைக் கழுவினால், அந்தத் தண்ணீரைக் கால் படாத இடமாகப் பார்த்துத் தென்னை மூட்டில் ஊற்றவேண்டும். வழியில் கிடந்த முள்ளை எடுத்துப் போட்டாயா என்பதையும் அவர் பாடத்தோடு பாடமாகக் கேட்பார்.

பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள், ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் அதுவே மீட்புத்தொகை என்று நபிகள் நாயகம் அவர்களை விடுவித்த வரலாற்றைச் சொல்லும்போது ஆலிம்சாவின் குரல் உயரும். இமாம் கஸ்ஸாலியைச் சொல்லும்போது தணியும். பாக்தாது நிஸாமிய்யாவில் பெரிய ஆசிரியப் பதவி, எதிரில் நூற்றுக்கணக்கான மாணவர்கள். நாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பேருக்காகவா என்ற கேள்வி உள்ளே புகுந்ததும் இமாமின் நாவே கட்டிப்போனது. 1095-இல் அத்தனையையும் விட்டுவிட்டு ஊரைவிட்டே புறப்பட்டார். இந்த இடத்தில் ஆலிம்சா நிறுத்துவார். "இல்மு எதுக்கு வாப்பா?" நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். அவரும் பதில் சொல்லமாட்டார்.

அந்தக் கேள்வியை இன்று எந்தப் பிள்ளையிடம் யார் கேட்கிறார்கள்? எத்தனை மதிப்பெண், எத்தனை ஜுஸ்வு முடித்தாய், அடுத்து என்ன படிப்பு. கற்ற இல்மு அமலாக இறங்குகிறதா என்று கூடவே இருந்து பார்ப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும், அவரும் அதே தெருவில் வாழவேண்டும், கடையில் நிற்கும்போதும் கோபம் வரும்போதும் நாம் அவரைப் பார்த்திருக்கவேண்டும். அப்படி ஒருவர். கிடைக்கவில்லை.

வீட்டில் இன்னொரு குரல் இருந்தது. உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அரபுத்தமிழ் தெரியும். தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் புள்ளிகள் வைத்த அரபு எழுத்து அது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய மகானியை லுஹருக்குப் பிறகு மடியில் விரித்து வைத்துக்கொள்வார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கொல்லைப்புறமாக வந்து சுற்றி உட்காருவார்கள். தொழுகை, நோன்பு, கொடுக்கல் வாங்கல் என்று சட்டம் முழுவதையும் அந்தத் திண்ணையிலேயே கற்றவர்கள் அவர்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள் என்று அவர்களை யாராவது சொன்னால் எனக்கு இன்றும் மனம் வலிக்கும்.

கொழும்பில் கடை வைத்திருந்த வாப்பாவுக்கு உம்மா எழுதிய கடிதங்களும் அதே எழுத்தில்தான். அந்தக் கட்டு என்னிடம் இருக்கிறது. போன மாதம் பேரனை அருகில் உட்காரவைத்து ஒன்றைப் பிரித்தேன். இது அரபியா, தமிழா என்று கேட்டான். இரண்டும்தான் என்றேன். பாதிப் பக்கம் வாசிப்பதற்குள் அவனுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.