கண்ணுக்குத் தெரியாத ஜேப்படித் திருடர்கள்

ஃபால்அவுட் 2 (1998) என்ற கணினி விளையாட்டை மறுபடி ஆடலாம் என்று உட்கார்ந்தேன். எந்தப் பேட்ச் போடுவது என்று பார்த்ததிலேயே ஒரு ராத்திரி போய்விட்டது.

ஐரோப்பியப் பதிப்பில் குழந்தைகளைத் தூக்கிவிட்டார்கள். உருவத்தை மட்டும்தான், கைவேலை அப்படியே இருந்தது. 'டென்' ஊரில் கடை வாசலைத் தாண்டினால் பையிலிருந்த பொருள் மாயம். எடுத்தது யாரென்றே தெரியாது! குழந்தைகளைத் திரும்பக் கொண்டுவரும் பேட்ச் போட்டால்தான் அந்த வாண்டுகள் கண்ணில் படும்.

கில்லாப் என்ற ரசிகர் இரண்டு பேட்ச் செய்துவைத்தார். ஒன்று பிழைகளை மட்டும் திருத்தும். இன்னொன்று 'ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட்', வெளிவருமுன் வெட்டிப்போட்ட இடங்களையும் சேர்க்கும். அதில் வரும் இ.பி.ஏ. என்ற இடம் எனக்கு இழுவை, வெட்டியவர் கை நல்ல கைதான். முதல்முறை ஆடுபவர்களுக்குப் பிழைதிருத்தமே போதும்.

சொல்கிறேனே தவிர, பாதி ஆட்டத்தில் ஆசைப்பட்டு இரண்டாவதைப் போட்டேன். பழைய சேவ் எதுவும் எடுபடவில்லை. புதுசாகத்தான் தொடங்கணும் என்று ரீட்மீயில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. இப்போது திரும்பவும் ஆட்டம் தொடங்கும் அரோயோ கோயிலில் ஈட்டியோடு எறும்பு குத்திக்கொண்டிருக்கிறேன்.