வல்லாரைத் துவையலும் நைட்ரிக் ஆக்சைடும்

சேர்வராயன் மலையில் ஈரம் தங்கும் இடங்களில் வல்லாரை படர்ந்து கிடக்கும். ஞாபகசக்திக்கு வல்லாரை என்று கேட்காமல் தமிழ்நாட்டில் பரீட்சை எழுதியவர்கள் குறைவு. பிள்ளைகளுக்குத் துவையல் அரைத்துக் கொடுப்பதில் தப்பில்லை. பேரன் பெயரை மறந்துபோகும் தாத்தாவுக்கும் அதையே கொடுத்துவிட்டு, "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவதுதான் சிக்கல். வல்லாரை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017 கட்டுரை ஒன்று, அது நினைவாற்றலைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றுதான் முடித்தது.

மருத்துவ உலகம் வேறொரு பொருளையும் தேடிப்போனது: நைட்ரிக் ஆக்சைடு. (சிரிப்பு வாயு நைட்ரஸ் ஆக்சைடு. அது வேறு, குழம்ப வேண்டாம்!) ரத்தக்குழாயின் உட்சுவர் இந்த வாயுவை உண்டாக்கும், குழாய் தளர்ந்து ரத்தம் தாராளமாக ஓடும். இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998ல் நோபல் பரிசு. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1988ல், மூளை செல்களும் இதே வேலையைச் செய்யும் பொருளை வெளிவிடுகின்றன என்று கார்த்வெயிட் குழு காட்டியிருந்தது. சேர்த்து வைக்க முடியாத, சில நொடிகளில் மறைந்துவிடும் ஒரு வாயு மூளைக்குள் சேதி சொல்கிறது! நினைவு பதிவதிலும் அதற்குப் பங்குண்டு.

அப்படியானால் கூட்டிவிட்டால் போதுமே? அங்குதான் வில்லங்கம். அல்சைமர் நோயில் மூளையின் அழற்சி செல்கள் இதை அளவுக்கு மீறிக் கொட்டும். அது சூப்பர் ஆக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகி நரம்பு செல்லையே அரிக்கும். ஆக, மூளை முழுக்க ஏற்றிவிடும் டானிக் எதையும் நம்புவதற்கில்லை. ரத்தக்குழாய் பழுதால் வரும் மறதியில்தான் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு தரும் மாத்திரை. மூளையின் சிறு குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்த 363 பேரிடம் பிரிட்டனில் நடந்த லேசி-2 ஆய்வு 2023ல் வெளியானது. ஒரு வருஷம் கழித்து, இந்த மாத்திரை எடுத்தவர்களிடம் சிந்தனைத் திறன் குறைவது குறைவாக இருந்தது. சிலோஸ்டசாலும் சேர்த்தால் இன்னும் மேல். ஆனால் சின்ன ஆய்வு, முடிவு கட்டப் போதாது. சில்டெனாஃபில் கதையும் அதுதான்: 2021ல் அமெரிக்க இன்சூரன்ஸ் பதிவுகளை வைத்து அல்சைமரைத் தடுக்கும் என்றார்கள், 2022ல் இன்னொரு குழு அப்படி எதுவும் தெரியவில்லை என்றது.

இந்த இரண்டு மாத்திரைகளையும் சேர்த்து விழுங்கினால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். செய்தி படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்கள் கவனிக்க.

தாத்தாவுக்கு இன்றே செய்யக்கூடியது வேறு. உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் குழாயின் உட்சுவரைக் கெடுத்து, நைட்ரிக் ஆக்சைடையும் குறைக்கின்றன; இரண்டையும் ஏற்காட்டிலேயே பார்த்துவிடலாம். பி12 குறைவாலும் தைராய்டு கோளாறாலும் வரும் மறதியைப் பல நேரம் சரிசெய்யலாம்; அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை. ஸ்கேன் தேவைப்பட்டால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். துவையலை, திரும்பி வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.