பத்து சென்டிமீட்டர் பீமும் என் தங்கச்சியும்

உங்க வீட்ல தம்பியோ தங்கச்சியோ ஏதாவது விளையாட்டுல இருக்காங்களா? கபடி, சிலம்பம், நீச்சல், எதுவா இருந்தாலும் சரி, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இல்லைன்னாலும் படிங்க. நேத்து ராத்திரி வரைக்கும் தலைகீழா தெரிஞ்ச டெரிவேஷன், வைவால எக்ஸ்டர்னல் முன்னாடி உட்கார்ந்ததும் மொத்தமா காணாம போயிருக்கும்ல? நான் சொல்லப்போற விஷயமும் கிட்டத்தட்ட அதுதான். என்ன, நமக்கு மார்க் போகும். இவங்களுக்கு கழுத்தே போகலாம்.

என் தங்கச்சிக்கு இப்போ 11 வயசு. ஆறு வயசுல இருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றா. (அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். பேரு மட்டும் போடக்கூடாதுனு கண்டிஷன். அதனால பாப்பானே வெச்சுக்குவோம்.) போன வருஷம் பீம் மேல பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் கத்துக்கிட்டா. ஹால்ல அதை "ஃப்ளிக்"னு சொல்வாங்க. பின்னாடி சாய்ஞ்சு, கையை ஊனி, கால் மேல வந்து திரும்ப நிக்கணும். பீமோட அகலம் 10 சென்டிமீட்டர். ஒரு ஏ4 பேப்பரை நீளவாக்குல ரெண்டா மடிச்சா வர்ற அகலம், அவ்வளவுதான். நீளம் 5 மீட்டர், உயரம் 1.25 மீட்டர். பின்னாடி போகும்போது கை படுற வரைக்கும் பீம் கண்ணுக்கே தெரியாது.

நாலஞ்சு மாசம் அதை அசால்ட்டா பண்ணிட்டு இருந்தா. ஒருநாள் திடீர்னு நின்னுபோச்சு. விழல, அடிபடல. பீம்ல ஏறி கையைத் தூக்குவா, அப்படியே நிப்பா. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அப்புறம் இறங்கிடுவா. ரெண்டு வாரத்துல அது வீட்டுக்கும் வந்துடுச்சு. பிராக்டிஸ் இருக்கிற நாள்னா காலையிலயே வயித்துவலி. சாயங்காலம் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவா, சத்தம் கேக்கக்கூடாதாம்.

பெரியப்பா வந்து, "வயசுக்கு வரப்போற பொண்ணு, இந்தக் குட்டிக்கரணம் எல்லாம் எதுக்கு? நிறுத்திடு"ன்னார். அப்பா, "சோம்பேறித்தனம், ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்"ன்னார். அம்மா, "ஒரே ஒரு தடவை பண்ணு, சைக்கிள் வாங்கித் தர்றேன்"ன்னாங்க. எல்லாரும் பாசத்துலதான் பேசினாங்க, ஆனா யாருமே அவகிட்ட கேக்கல. ஒருநாள் ராத்திரி மொட்டை மாடில அவளே சொன்னா: "எப்படி பண்றதுனு எனக்குத் தெரியும்க்கா. கை தூக்கினதும் உள்ள ஏதோ ஆஃப் ஆயிடுது. சைக்கிள் வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடுக்கா. இப்போ அதுவும் சேர்ந்து பயமா இருக்கு."

இது அவளுக்கு மட்டும் வர்ற வியாதி இல்லைன்னு காட்டத்தான் சிமோன் பைல்ஸ் வீடியோவைப் போட்டேன். 2021 ஜூலைல டோக்கியோ ஒலிம்பிக்ஸ் டீம் ஃபைனல். வால்ட்ல ரெண்டரை ட்விஸ்ட் சுத்த வேண்டியவங்க, காத்துல தன் உடம்பு எங்க இருக்குனே தெரியாம ஒன்றரையோட இறங்கினாங்க. "ட்விஸ்டீஸ்"னு அதுக்கு ஒரு பேரே இருக்கு. உலகமே பார்த்துட்டு இருக்கும்போது போட்டில இருந்து விலகிட்டாங்க. அதுக்கு எவ்வளவு திட்டு வாங்கினாங்கனு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சில நாள் கழிச்சு பீம் ஃபைனலுக்கு மட்டும் வந்தாங்க. கடைசில இறங்குற டிஸ்மவுன்ட்ல ட்விஸ்ட்டே இல்லாத மாதிரி மாத்திக்கிட்டாங்க. வெண்கலம். 2024 பாரிஸ்ல மூணு தங்கம், ஒரு வெள்ளி. பாப்பாவுக்கு மெடல் கணக்கு எல்லாம் பெருசா ஏறல. டிஸ்மவுன்ட்டை மாத்தினதுதான் ஏறுச்சு. "மாத்திக்கலாமாக்கா?"ன்னு ரெண்டு தடவை கேட்டா.

அடுத்த நாள் நானும் அப்பாவும் மாஸ்டரைப் போய் பார்த்தோம். அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, ஏன்னா அது நம்ம செகண்ட் செமஸ்டர் மெக்கானிக்ஸ். இந்த வயசுல கை, கால் கிடுகிடுனு வளருதுங்க. மொமென்ட் ஆஃப் இனர்ஷியால நீளம் ஸ்கொயர்ல வரும்னு படிச்சோம்ல? போன வருஷ உடம்புக்குப் பழகின டைமிங் இந்த வருஷ உடம்புக்குச் செட் ஆகாது. தள்ளுற வேகம் அதேதான், சுத்துறது மட்டும் ஒரு நூல் பிந்தும். அந்த வித்தியாசம் மூளைக்குத் தெரியுது, ஆனா அதைச் சொல்ல வார்த்தை இல்ல. பிரேக்கை மட்டும் போட்டுடுது. "இது பிடிவாதம் இல்ல சார், பாதுகாப்பு"ன்னார். அப்பா அதுக்கப்புறம் தட்டுறதைப் பத்தி பேசவே இல்ல.

அப்புறம் நடந்தது எல்லாம் போரடிக்கிற வேலை. தரையில சாக்பீஸ் கோடு. கோட்டுல நல்லா வந்ததும் தரையோட ஒட்டின குட்டி பீம். அதுக்கப்புறம் பெரிய பீமுக்கு ரெண்டு பக்கமும் மேட் மேல மேட் அடுக்கி உயரத்தைக் குறைச்சு, மாஸ்டர் முதுகுல கை வெச்சுப் பிடிப்பார். பயம் குறையக் குறைய ஒவ்வொரு மேட்டா எடுக்கணும். எப்போ எடுக்கணும்னு முடிவு பண்றது பாப்பாதான். சில நாள் எடுத்த மேட்டைத் திரும்பப் போடச் சொல்வா. போட்டுடுவாங்க.

வீட்ல எங்க பங்கு ரொம்பச் சின்னது. "இன்னிக்கு பண்ணியா?"ன்னு கேக்கறதை நிறுத்தினோம். அம்மாவுக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, வாய் வரைக்கும் வந்துடும். இப்போ "பசிக்குதா?"ன்னு கேக்கறாங்க. ஸ்கூட்டில கூட்டிட்டு வரும்போது நான் எதுவும் கேக்க மாட்டேன். அவளா பேசினா கேப்பேன். முக்காவாசி நாள் யாரோ ஒரு ஃப்ரெண்ட் லஞ்ச் பாக்ஸ் திருடின கதைதான் வரும்.

இந்த இடத்துல சீரியஸா ஒண்ணு சொல்லணும். எல்லா அழுகையும் பீமைப் பார்த்து வர்றது இல்ல. அமெரிக்க டீம் டாக்டரா இருந்த லாரி நாசரைப் பத்தி படிச்சிருப்பீங்க. 2018 ஜனவரில அவனுக்குத் தண்டனை கொடுத்தப்போ கோர்ட்ல 150க்கும் மேற்பட்ட பெண்கள் பேசினாங்க. அவங்கள்ல சிலர் சின்ன வயசுலயே பெரியவங்ககிட்ட சொல்லியிருந்தாங்க, யாரும் நம்பல. அதனால குழந்தை பயப்படுறது ஸ்கில்லைப் பார்த்தா, இல்ல ஆளைப் பார்த்தானு முதல்ல தெரிஞ்சுக்கணும். அடிபட்டதை மறைக்குது, குண்டாயிடுவோம்னு சாப்பிட மாட்டேங்குது, குறிப்பிட்ட ஒருத்தர் பேரைக் கேட்டாலே சுருங்குதுன்னா மேட் அடுக்கினா சரியாகாது. அன்னிக்கே ஹாலை விட்டு வெளிய கூட்டிட்டு வந்துடணும். உதவிக்கு 1098 சைல்டுலைன் இருக்கு. நாங்களும் பாப்பாகிட்ட இதை நேராவே கேட்டோம். "சீ, மாஸ்டர் அப்படி எல்லாம் இல்ல"ன்னு முறைச்சா. நிம்மதியா இருந்துச்சு.

ஜனவரில மாவட்டப் போட்டி. பீம்ல இருந்து விழுந்தா ஒரு முழு பாயின்ட் போகும். ஃப்ளிக்கை எடுத்துட்டு கார்ட்வீல் போட்டா கஷ்டத்துக்கான மார்க் குறையும், ஆனா நிப்பா. அவளே மாஸ்டர்கிட்ட போய், "நான் மாத்திக்கிறேன் சார்"ன்னு சொல்லியிருக்கா. கார்ட்வீல் பண்ணா. ஒரு இடத்துல இடுப்பு ஆடுச்சு, நான் கண்ணை மூடிட்டேன், திறந்தப்போ நின்னுட்டு இருந்தா. ஆறாவது இடம். பெரியப்பா ஃபோன் பண்ணி, "ஆறாவதுக்கு எல்லாம் கப் தருவாங்களா?"ன்னு கேட்டார். தரமாட்டாங்க பெரியப்பா, சர்டிஃபிகேட் உண்டுன்னேன். அதை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லி ஃபேமிலி குரூப்ல போட்டது அவர்தான்.

வயித்துவலி இப்போ வாரத்துக்கு ஒரு நாள் வருது, முன்னாடி அஞ்சு நாள். ஃப்ளிக் இன்னும் முழுசா வரல. அஞ்சு மேட்ல ஆரம்பிச்சா, இதை எழுதும்போது மூணுல இருக்கா. போன வாரம் ரெண்டுக்கு இறக்கிட்டு, அடுத்த நாளே திரும்ப மூணாக்கச் சொல்லிட்டா. நாளைக்கு சனிக்கிழமை, எனக்கு லேப் இல்ல, நான்தான் கூட்டிட்டுப் போகணும்.