தோலைத் தூக்கிப் போடாதீங்க!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் காசு குடுத்து ரெடிமேடா வாங்கிடலாமானு யோசிக்கிற ஆளா நீங்க? அந்தக் காசுல ஒரு பஸ் டிக்கெட் எடுங்க. பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை தாலுகா, பச்சைமலை பக்கத்துல அரும்பாவூர்.

மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிருச்சு. வாகை, மா, வேம்புனு ஒரே கட்டையில சாமி சிலை செதுக்குவாங்க. பட்டறை வாசல்ல நின்னு வேடிக்கை பாருங்க, நேரம் போறதே தெரியாது. கீழ விழுற தூளையும் இளப்பமா நினைக்காதீங்க. பசையில குழைச்சு விரிசலை அடைக்கிறது தச்சு வேலையில பழைய வழக்கம். ஆனா மரத்துக்குப் பூசுற வார்னிஷ், தின்னர் வாடை இருக்கே... வருஷக்கணக்கா அதைச் சுவாசிக்கிறது யார் நுரையீரல்?

வெயில் தாங்காம ஜூஸ் கடைக்குள்ள நுழைவீங்கல்ல? டம்ளரை விடுங்க, குப்பைக் கூடையைப் பாருங்க. ஆரஞ்சோ சாத்துக்குடியோ, பிழிஞ்சதும் பழத்தோட எடையில ஏறக்குறைய பாதி தோலும் சக்கையுமா நிக்கும். அந்தத் தோல்ல ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடர் பக்கத்துல மடிச்சுப் பிழிங்க. சடசடனு பொறி பறக்கும்! லிமோனின் பண்ற வேலை. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில 90 சதவீதத்துக்கு மேல அதுதான். எண்ணெய்ப் பிசுக்கு, மெழுகு, பிசின் எல்லாத்தையும் கரைக்கும். வெளிநாட்டுல மரச்சாமான் துடைக்கிற பாலிஷ்ல இதைச் சேர்க்கிறாங்க.

தின்னர் இடத்துல தோல் எண்ணெய் சரிப்படுமா? இதோ, ப்ராஜெக்ட் கிடைச்சாச்சு!

தோலை நறுக்கித் தண்ணியில கொதிக்க வைங்க. ஆவியைக் குளிரவெச்சா எண்ணெய் மேல மிதக்கும். கெமிஸ்ட்ரி லேப் கண்டென்சரே போதும். கிலோ தோலுக்குச் சில மில்லிதான் தேறும், மனசு உடைஞ்சிராதீங்க. மிச்சத் தோலை லேசான அமிலத்துல சூடாக்கி, வடிகட்டி, ஆல்கஹால் விட்டா பெக்டின் திரளும். ஜாமை இறுக வைக்குமே, அதே சரக்கு. கடைசிச் சக்கை உரக்குழிக்கு.

உஷார், லிமோனின் தீப்பிடிக்கும். காத்துப்பட்டுப் பழசானா சிலருக்குக் கை அரிக்கும். 'இயற்கை'னு லேபிள் ஒட்டினா மட்டும் சாது ஆகிடாது. அதனால செதுக்கின சிலைப் பக்கமே போகாதீங்க. கழிச்ச கட்டைத் துண்டைக் கேட்டு வாங்கி அதுல பூசுங்க. கறை விழுதா, நிறம் மாறுதா, எத்தனை நாள்ல காயுதுனு குறிச்சு வெச்சு, சிற்பி அண்ணன்கிட்ட நீட்டுங்க. மோந்து பார்த்து மூஞ்சியைச் சுளிச்சார்னா அதையும் ரிப்போர்ட்ல எழுதணும். வைவாவுல எக்ஸ்டர்னலைக்கூடச் சமாளிச்சிரலாம் பாஸ், இவர் கேக்குற கேள்விக்குத்தான் நல்லா படிச்சிட்டுப் போகணும்.