நடந்து வந்த இளவரசி

சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் 1984 ஜூலையில் வெளிவந்தது. கதையின் பெயர் 'கத்தி முனையில் மாடஸ்டி'. இரும்புக்கை மாயாவி போன்ற ஆண் வீரர்களே கோலோச்சிய தமிழ்ச் சித்திரக்கதை உலகில், ஒரு புதிய இதழ் பெண்ணொருத்தியை முன்னிறுத்தித் தன் பயணத்தைத் தொடங்கியது சின்ன விடயமல்ல. அவளுடைய தோழன் கார்வின் அவளை 'இளவரசி' என்று அழைப்பான். வாசகர்களுக்கும் அவள் இளவரசியாகவே ஆகிப்போனாள்.

மாத்தளையில் எங்கள் வீட்டுக்கு அந்தப் புத்தகங்கள் நாநாவின் பையில்தான் வந்தன. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த அவர் மாதமொருமுறை கண்டியில் ரயில் மாறி வந்திறங்குவார். பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியவை. சிலவற்றுக்கு அட்டையே இராது. வாப்பாவுக்கு அந்தப் படங்கள் பிடிக்காது. ஆங்கிலம் படித்தவர் அவர். "ஹயா எண்டு பேரு வச்சிட்டு உடுப்பப் பாத்தியா?" என்பார். முற்றத்தில் மிளகு காயப்போட்டுக் கொண்டிருக்கும் உம்மா திரும்பிப் பாராமலே சொல்வார்: "உடுப்ப விடுங்க. அந்தப் புள்ள ஒருத்தருக்கும் பயப்புடல்லயே."

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் ஊரற்றவர்களானார்கள். மன்னார்த் தீவிலிருந்து படகேறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அப்படி வந்த குடும்பமொன்று புத்தளத்து முகாமில் சில மாதங்கள் இருந்துவிட்டு, சொந்தக்காரர் நிழலில் எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்போது பத்து வயது. என்னைவிட மூன்று வயது இளையவள். நாநாவின் புத்தகங்களை இருவரும் சேர்ந்து படிப்போம். எதிரியை மாடஸ்டி வீழ்த்தும் பக்கங்களை நான் மீண்டும் மீண்டும் புரட்டுவேன். அவள் கேட்டது வேறு.

"ராத்தா, இவட ஊர் எது? இவவும் எங்களப் போலயா?"

அந்தக் கேள்விக்கு விடை எனக்குப் பல வருடங்கள் கழித்தே கிடைத்தது. மாடஸ்டியைப் படைத்த பீட்டர் ஓடொனல் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையிலிருந்தவர். 1942இல் வட ஈரானில் தான் கண்ட அகதிச் சிறுமி ஒருத்தியைப் பற்றி அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். துணைக்கு எவருமில்லை. தன்னைக் காத்துக்கொள்ள அவளிடமிருந்த ஆயுதம், மரத்துண்டொன்றில் கட்டிய ஓர் ஆணி. படையினர் உணவு கொடுத்தார்கள். உண்டாள், சிரித்தாள், ஓர் இளவரசியைப் போல் தன் வழியே நடந்து போனாள். இருபது வருடங்களுக்குப் பின்னர் ஒரு வீராங்கனை தேவைப்பட்டபோது ஓடொனலுக்கு நினைவில் வந்தவள் அந்தச் சிறுமிதான். 1963 மே 13இல், ஜிம் ஹோல்டவேயின் சித்திரங்களோடு, லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் மாடஸ்டி தோன்றினாள். ஓடொனலின் 81ஆவது பிறந்த நாளான 2001 ஏப்ரல் 11 அன்று அத்தொடர் நிறைவுற்றது.

கதையில் மாடஸ்டிக்குத் தன் பெற்றோரைத் தெரியாது. பிறந்த நாளும் தெரியாது. எங்கள் வளவுப் பிள்ளைக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் பதினாறு வயதில் அவளைப் பணிப்பெண்ணாக ரியாதுக்கு அனுப்பிய முகவர் ஒருவர், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டார். கேட்போரிடமெல்லாம் இன்னொரு பிறந்த நாளைச் சொல்லப் பழகிக்கொண்டே அவள் விமானம் ஏறினாள். அங்கே எதிர்கொண்டவற்றை ஒருபோதும் அவள் முழுமையாகச் சொன்னதில்லை. ஆறு வருடங்களில் தம்பியைப் படிப்பித்தாள், தங்கைக்குக் கலியாணம் செய்து வைத்தாள். திரும்பி வந்தபோது அவளை வீராங்கனை என்று எவரும் அழைக்கவில்லை. 'வெளிநாடு போன பொம்பிள' என்றுதான் ஊர் சொன்னது.

இடையில் தொய்ந்திருந்த லயன் காமிக்ஸ் 2012இல் மறுபிரவேசம் செய்தது. மாடஸ்டியும் மீண்டும் வந்தாள். ஆங்கிலத்தில் டைட்டன் நிறுவனம் 2004 முதல் 2017 வரை அவளுடைய கதைகள் முழுவதையும் முப்பது தொகுதிகளாக வெளியிட்டது. சென்னை போய்வந்த என் மருமகன் கொண்டுவந்த மறுவரவு இதழொன்றை மன்னாருக்கு அனுப்பி வைத்தேன். யுத்தம் முடிந்த பின் அவள் குடும்பத்தோடு அங்கே மீளக் குடியேறியிருந்தாள். தொலைபேசியில் சொன்னாள்: "மகள் ஒரே மூச்சில வாசிச்சிட்டா ராத்தா. ஆனா இவ சின்னப் பிள்ளையா நடந்து வந்தத ஏன் பெரிசாக் காட்டல்லயாம்?"

தாய் கேட்ட அதே கேள்வி. ஓடொனல் அந்த இளமைக் காலத்தைச் சில சித்திரப் பட்டைகளுக்குள் சொல்லி முடித்திருந்தார். வாசகர் காசு கொடுத்து வாங்குவது வெற்றியைத்தான், பாதையை அல்ல. மறுபதிப்புகள் கொண்டுவருவதும் வென்று முடித்த, வசதியான மாடஸ்டியையே.

படம் கூடுமா கூடாதா, பெண் சண்டையிடலாமா என்ற விவாதங்களை நம் வட்டத்தில் நிறையக் கேட்டாயிற்று. 2014இல் அமெரிக்காவில் கமலா கான் என்ற முஸ்லிம் சிறுமிக்குத் தனிச் சித்திரக்கதை இதழே வந்துவிட்டது. அதை எழுதியவர் வில்லோ வில்சன் என்ற முஸ்லிம் பெண். அவளுக்குக் கை நீளும், உடல் பெருக்கும். நம் பிள்ளைகளுக்கு அப்படி எந்த அற்புதமும் தேவையில்லை. கற்பிட்டிக் கரையில் ஈரப் பாவாடையோடு இறங்கிய சிறுமியிலிருந்து தொடங்கினால் போதும். அவளை எழுத நம்மிடம் பேனாக்கள் இருக்கின்றன. வரையத் தெரிந்த இளையவர்களும் இருக்கிறார்கள். அந்த மன்னார்ப் பிள்ளையின் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. இன்னும் ஐந்தாறு வருடங்களில் அவள் சித்திரக்கதை வாசிக்கும் வயதைத் தாண்டிவிடுவாள்.