தலையில் ஒரு துண்டு

குமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் உள்ள அய்யாவழிக் கோயிலுக்கு முதன்முறை போயிருந்தபோது வாசலில் நின்ற பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டையைக் கழற்றியாயிற்று, தோளில் துண்டும் கிடக்கிறது. இன்னும் என்ன?

“தம்பி, தோள்ல இல்ல. தலையில கெட்டணும்.”

கோயிலில் தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இங்கே கட்டாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரன் மேல்சாதியார் முன்னால் துண்டைத் தலையில் வைத்திருக்க முடியாது. அது கக்கத்துக்கு இறங்க வேண்டும். அந்தத் தலைக்கு வரியும் உண்டு. 1833-ல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கிய முத்துக்குட்டி, வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது அய்யாவழியினரின் நம்பிக்கை. வந்தவர் துண்டைத் தலையில் கட்டச் சொன்னார். எல்லாச் சாதியையும் ஒரே கிணற்றில் தண்ணீர் மொள்ளவைத்தார். அவருக்கு மன்னர் நீசன், வெள்ளைக்காரன் வெண்ணீசன். சும்மா விடுவார்களா? சுவாதித் திருநாள் அரசு அவரைச் சிறையில் அடைத்தது. லண்டன் மிஷன் பாதிரிமார்களுக்கும் அவர் பெரிய இடைஞ்சல்தான்.

என் பாட்டி கடைசிவரை “முத்துக்குட்டி கூட்டம்” என்றுதான் சொல்லிவந்தாள். அந்தக் ‘கூட்டம்’ என்ற சொல்லில் லேசான ஏளனமும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயமும் இருக்கும்.

அந்தச் சொல் எப்போது உதிர்ந்தது? 1851-ல் வைகுண்டர் மறைந்தபோது கூட்டம் கலைந்துவிடும் என்று பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் ஊருக்கு ஊர் நிழல்தாங்கல்கள் என்ற சின்ன வழிபாட்டிடங்கள் எழும்பின. பெரும்பாலும் ஒரு கூரை, ஒரு விளக்கு, விசேஷ நாளில் பொங்கிப் போடும் சோறு. ஏட்டில் இருந்த அவர்களின் புனித நூல் அகிலத்திரட்டு அம்மானை 1939-ல் அச்சேறியது. ஐயர் இல்லாமல் கல்யாணம் நடந்தது. பிணத்தை எரிக்காமல் அடக்கம் செய்தார்கள். என்னைக் கேட்டால் இங்கேதான் காரியம் முடிந்தது. தாலி கட்டவும் குழி வெட்டவும் சொந்த முறை வந்துவிட்டவர்களைக் கூட்டம் என்று சொல்ல வாய் கூசும். பிறகு அரசாங்கமும் வந்து சேர்ந்தது. மாசி 20, அவர் அவதார நாள், இன்று குமரி மாவட்டத்துக்கு விடுமுறை. சிறையில் போட்டதும் சர்க்கார்தான், லீவு விடுவதும் சர்க்கார்தான். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அய்யாவழிக்குத் தனிக் கட்டம் கிடையாது. ‘இந்து’ என்றே எழுதிக்கொள்கிறார்கள்.

அன்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். பள்ளியறை என்னும் கருவறையில் சிலை இல்லை, நிலைக்கண்ணாடி. எதிரே நிற்பவன் தன்னையே பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பையன், பத்து வயது இருக்கும். துண்டு கொண்டுவரவில்லை போலிருக்கிறது. பள்ளிக்கூடக் கைக்குட்டையை நான்கு முனையும் முடிந்து தலையில் மாட்டியிருந்தான். அது வழுக்கிக்கொண்டே வந்தது.

“ஏன்பா இது கெட்டணும்?”

“கோயில்ல அப்படித்தாம்லே,” என்று அப்பா கைக்குட்டையை இழுத்துச் சரிசெய்தார்.